வழித்துணை: அமெரிக்கக் கறுப்பினப் பெண்டிரின் நோயும் தொண்டர் பணியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் மாதர் குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடலும் பாடலும் நிறைந்த இவ்வினிய மாலையில் நோயைப் பற்றிப் பேச நாங்கள் எழுந்து நிற்பது சிலருக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். நிகழ்ச்சி நிரலில் எங்களுக்கு முன் சிறுமியர் கோலாட்டம், பின் நகைச்சுவை நாடகம், இடையே புற்றுநோய். இதனை வேறொரு நாளுக்கு மாற்றலாகாதா என்று செயலாளர் அவர்கள் தயங்கியதும் எங்களுக்குத் தெரியும். ஆயினும் இக்குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் ஒருங்கே கூடும் நாள் ஆண்டில் இஃதொன்றே. ஆகவே சிறிது பொழுது செவி சாய்த்தருள வேண்டுகிறோம்.

பேச வந்த பொருள் அமெரிக்க நாட்டைச் சார்ந்தது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் மார்பகப் புற்றுநோயால் பிறரினும் மிகுதியாக மடிவது ஏன், அதனை மாற்றத் தொண்டு நிறுவனங்கள் என்ன செய்தன என்பதே பொருள். எஃகு நகரில் வாழும் தமிழருக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அதற்கு விடையாக, எங்கள் குழு செய்த பிழையொன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் குடியிருப்புக்கு அப்பால், ஒப்பந்தத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளில் நம்மவர் சிலர் உண்டு. ஆலை மருத்துவமனையில் அவர்களுக்கு உரிமை இல்லை. அங்கிருந்த சகோதரி ஒருவருக்கு மார்பில் கட்டி கண்டு, அது புற்றுநோய் என்றும் தெரிந்தது. பெயர் வேண்டா, அறிந்தோர் அறிவர். செய்தி கேட்டதும் மாதர் குழு கூடியது. வீடு வீடாகச் சென்றோம். நீங்களும் வாரி வழங்கினீர்கள். இரு வாரத்திற்குள் நல்லதொரு தொகை சேர்ந்தது. அதை உறையிலிட்டு அவர் கணவர் கையில் கொடுத்து, ஆறுதல் கூறித் திரும்பினோம். கடமை முடிந்தது என்றே எண்ணினோம். ஆண்டறிக்கையிலும் ஒரு வரி எழுதிக்கொண்டோம்.

ஐந்து திங்கள் கழித்தே உண்மை தெரிந்தது. அவர் மூன்றாம் முறை மருந்து ஏற்றிக்கொண்டதோடு நின்றுவிட்டார். பணம் போதாமையால் அன்று. நாம் கொடுத்த தொகையில் ஒரு பகுதி அப்படியே இருந்தது. மாநிலத் தலைநகரில் இருந்த அம்மருத்துவமனைக்கு ஐந்து மணி நேர இரயில் பயணம். கணவருக்கோ ஒரு நாள் வராவிடில் ஒரு நாள் கூலி போயிற்று. நான்கு வயதுக் குழந்தையை விட்டுச்செல்ல இடமில்லை. சீட்டில் இந்தியில் எழுதியிருந்த நாளை அவர் தவறாகப் புரிந்துகொண்டு இரு நாள் பிந்திச் சென்றார். சாளரத்தில் இருந்தவர் வேறொரு நாள் வரச் சொன்னார். அந்த வேறொரு நாள் வரவேயில்லை. அவர் வரவில்லை என்பதை மருத்துவமனையில் ஒருவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. சென்ற பொங்கலுக்கு முன் அவர் காலமானார்.

பணம் கொடுத்தோமேயன்றி, "அடுத்த முறை என்று போகவேண்டும் அக்கா? துணைக்கு யார் வருகிறார்கள்?" என்று ஒரு நாளும் கேட்டோமில்லை. இவ்வெண்ணம் எங்களை உறங்கவிடவில்லை. பிறர் இத்தகைய தொண்டினை எவ்வாறு செய்தனர் என்று தேடிப் படிக்கலானோம். அத்தேடல் எங்களை நியூயார்க் மாநகரின் ஹார்லெம் பகுதிக்கு இட்டுச் சென்றது.

ஹார்லெம், கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதி. 1967-இல் அங்குள்ள மருத்துவமனையில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார் ஹெரால்டு ஃப்ரீமன் என்பார். அவரும் கறுப்பினத்தவர். கத்தி எடுத்துப் புற்றை அறுத்தெறிந்து மக்களைக் காப்பதே தம் பணி என்று கருதி வந்தவர். அவர் முன் வந்த பெண்களுக்கோ அறுத்துப் பயனில்லாத நிலை. கட்டி முற்றிப் புண்ணாகிக் குருதி வடியும் நிலையில் வந்தனர். அம்மருத்துவமனையில் 1964 முதல் 1986 வரை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 606 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தார், பாதிப்பேருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. ஏறத்தாழப் பாதிப்பேர் நோய் முற்றிய மூன்றாம், நான்காம் நிலைகளில் வந்தவர்கள். ஐந்தாண்டு உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 39 பேரே.

மருத்துவர் செய்த முதல் வேலை, 1979-இல் ஹார்லெமில் கட்டணமின்றி மார்பகச் சோதனை செய்ய வழி கண்டது. நம்மில் எவரும் இதைத்தான் செய்திருப்போம். முகாம் ஒன்று நடத்துவோம், படம் எடுத்துக்கொள்வோம், மகிழ்வோம். அவர் அங்கு நிற்கவில்லை. சோதனையில் ஐயத்திற்கிடமான கட்டி கண்ட பெண்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். பலர் காணாமற்போயினர்! கட்டி உண்டு என்று அறிந்த நாளுக்கும், திசுவை எடுத்துச் சோதித்து, முடிவு அறிந்து, சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையே நெடுவழி ஒன்று கிடந்தது. காப்பீட்டுத் தாள்கள், பல அலுவலகங்கள், காத்திருப்பு, பேருந்துக் கட்டணம், வீட்டில் குழந்தை, விடுப்புத் தராத முதலாளி, அச்சம் ஆகிய இவையெல்லாம் அவ்வழியில் கிடந்த முட்கள். வசதியுள்ளோர் அவற்றை மிதியாமல் தாண்டுவர். ஏழைப் பெண் முதல் முள்ளிலேயே திரும்பிவிடுவாள்.

1988-89-இல் ஃப்ரீமன் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் தலைவராக இருந்தார். நாட்டின் பல நகரங்களில் ஏழை நோயாளிகளை வரவழைத்து, அவர்கள் வாயாலேயே துன்பத்தைச் சொல்லக் கேட்டு, 1989-இல் நாட்டுக்கு ஓர் அறிக்கை அளித்தது அச்சங்கம். மறு ஆண்டே, அச்சங்கத்தின் பொருளுதவியோடு, ஹார்லெமில் புதியதொரு பணியாளர் வகை பிறந்தது. ஆங்கிலத்தில் கப்பலை வழிநடத்தும் மீகாமனைக் குறிக்கும் சொல்லால் அவர்களை அழைத்தனர். நாங்கள் வழித்துணைவர் என்று சொல்கிறோம்.

வழித்துணைவர் மருத்துவர் அல்லர். அவ்வூரை அறிந்தவர், அம்மக்கள் பேச்சைப் பேசுபவர். சோதனை அறையிலிருந்து கலங்கிய முகத்தோடு வெளிவரும் பெண்ணை அவர் சந்திப்பார். "உங்களுக்கு இப்போது என்ன இடையூறு?" என்று கேட்பார். பணமா? அதற்குரிய அரசுத் திட்டத்தின் தாளை உடனிருந்து நிரப்புவார். குழந்தையா? ஒருவரை ஏற்பாடு செய்வார். அச்சமா? உட்கார்ந்து பேசுவார். குறித்த நாளில் வராவிடில் தொலைபேசியில் அழைப்பார். இவ்வளவே. கேட்பதற்கு மிக எளிது. பெரும் கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பயனை நோக்குங்கள். திசுச் சோதனை செய்யவேண்டும் என்று சொல்லப்பட்டவர்களில், வழித்துணை பெற்றோர் நூற்றுக்கு 87-க்கு மேற்பட்டோர் அதனைச் செய்துகொண்டனர். பெறாதோரில் 57 பேர் அளவே. அச்சோதனையை நான்கு வாரத்திற்குள் முடித்தோர், துணை பெற்றோரில் 71. பெறாதோரில் 39-க்கும் குறைவு. பின்னர் 1995 முதல் 2000 வரை அம்மருத்துவமனைக்கு வந்த 325 பெண்களின் கணக்கை எடுத்தபோது, முற்றிய நிலையில் வந்தோர் நூற்றுக்கு 21 ஆகக் குறைந்திருந்தனர். ஐந்தாண்டு உயிரோடிருந்தோர் 39-லிருந்து 70 ஆக உயர்ந்தனர்.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. இடைக்காலத்தில் மருந்துகளும் முன்னேறின. நோயை முன்னரே கண்டால், கண்ட நாளிலிருந்து எண்ணும் ஆண்டுக் கணக்கு இயல்பாகவே நீளும். கட்டணமில்லாச் சோதனையும் உடன் இருந்தது. ஆகவே உயர்வு முழுவதையும் வழித்துணைவர் பெயரில் எழுதுதல் கூடாது. ஆயினும் திசுச் சோதனை பற்றிய கணக்கு ஐயத்திற்கு இடம் தராதது. அம்மூன்றாம் மருந்தோடு நின்ற நம் சகோதரியை நினைத்து, அந்த எண்களை நாங்கள் பலமுறை படித்தோம்.

இனி நாடு தழுவிய நிலையைச் சொல்வோம். 2024-இல் அமெரிக்காவில் 3,10,000-க்கு மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாக இந்நோய் காணும் என்றும், 42,000-க்கு மேற்பட்டோர் இறப்பர் என்றும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் மதிப்பிட்டது. அவ்வாண்டு அச்சங்கம் வெளியிட்ட கணக்கின்படி, கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வருவது வெள்ளையரைவிட நூற்றுக்கு 5 பங்கு குறைவு. இறப்பதோ 38 பங்கு மிகுதி. வருவது குறைவு, சாவது மிகுதி! இதனை எவ்வாறு விளக்குவது?

உடற்கூற்றில் ஒரு காரணம் உண்டு, மறுப்பதற்கில்லை. புற்றணுக்களில் சில ஏற்பிகள் இருப்பின் அவற்றைக் குறிவைத்துத் தாக்கும் மருந்துகள் உள்ளன. மூவகை ஏற்பியும் இல்லாத ஒருவகைப் புற்று உண்டு. அதற்கு அம்மருந்துகள் பயன்படா. அது விரைந்து பரவும் இயல்பினது. இவ்வகை கறுப்பினப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்காக வருகிறது. ஆயின் இதுவே முழு விளக்கமாகாது. ஏனெனில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை இரு இனத்துப் பெண்டிரின் இறப்பு வீதமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஒரு தலைமுறைக்குள் உடற்கூறு மாறிவிடுமா? மாறியது மருத்துவம். மேமோகிராம் என்னும் மார்பக ஊடுகதிர்ப் படம் பரவியது. டாமாக்சிஃபென் போன்ற மருந்துகள் வந்தன. அவற்றின் பயன் வெள்ளையரை முதலில் அடைந்தது. அவர்தம் இறப்பு விரைந்து குறைந்தது. மருத்துவத்திற்குக் கை இல்லாதிருந்த காலத்தில் சாவில் சமத்துவம் இருந்தது. கை வந்தபின் அது சிலரை மட்டுமே தூக்கிவிட்டது.

இதற்கு அப்பால் பழைய காயமும் உண்டு. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ என்னுமிடத்தில் 1932 முதல் 1972 வரை, கிரந்தி நோயுற்ற கறுப்பின ஆடவரைச் சிகிச்சை தராமலே வைத்து நோயின் போக்கை ஆராய்ந்தது அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறை. அதனை அறிந்த ஒரு குடும்பம் மருத்துவமனையை ஐயத்தோடு நோக்குவதை அறியாமை என்று சொல்லிவிட முடியுமா?

சிகாகோ நகரின் வரலாறு இன்னும் கூர்மையானது. அங்கு சைனாய் என்னும் மருத்துவமனையைச் சார்ந்த நகர்ப்புறச் சுகாதார ஆய்வகத்தில் ஸ்டீவ் விட்மன் என்பாரும் அவர் குழுவினரும் நகரத்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்து, 2006-இல் செய்தியை வெளியிட்டனர். 1980-இல் சிகாகோவில் இரு இனத்தாரின் இறப்பு வீதமும் ஒன்றே. 2003-இல் கறுப்பினப் பெண்களின் வீதம் 68 விழுக்காடு மிகுதி. நகரமே திடுக்கிட்டது. மருத்துவர், சமூகத் தொண்டர், நோயிலிருந்து மீண்டோர் எனப் பலரும் கூடி ஒரு பணிக்குழு அமைத்தனர். 2007-இல் அக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது.

அறிக்கை சொன்னதில் எங்களை வியக்கவைத்தது ஒன்று. கறுப்பினப் பெண்கள் படம் எடுத்துக்கொள்ள வருவதில்லை என்பது பொதுவான பேச்சு. வருகின்றவர்களும் இழப்புக்கு ஆளாயினர் என்று குழு கண்டது. அவர்கள் செல்லும் நிலையங்களில் கருவி பழையது. படத்தைப் பார்ப்பவர் மார்பகப் படத்திலேயே தேர்ந்த மருத்துவர் அல்லர். எலும்பு முறிவையும் நுரையீரலையும் பார்த்துக்கொண்டு, இடையில் இதனையும் பார்ப்பவர். சிறு புள்ளி கண்ணில் படாமற்போகிறது. "ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு வீடு திரும்பிய பெண், ஈராண்டு கழித்துப் பெருங்கட்டியோடு வருகிறாள். பழி யார்மேல்? அவள்மேலன்று.

ஆகவே அப்பணிக்குழு தொண்டு நிறுவனமாக நிலைபெற்று இரு வேலைகளை ஒருங்கே செய்தது. ஒன்று, பெண்களைக் கைபிடித்து நல்ல நிலையங்களுக்கு அழைத்துச் செல்லுதல். மற்றொன்று, நிலையங்களிடம் சென்று, "எத்தனை படம் எடுத்தீர்? எத்தனை புற்று கண்டீர்? திரும்ப அழைத்தவர்களில் எத்தனை பேர் வந்தனர்?" என்று கணக்குக் கேட்டல். பின்னது எளிதன்று. நன்கொடை பெறும் நிறுவனம் பெரிய மருத்துவமனையிடம் கணக்குக் கேட்பதா என்று முகம் சுளிப்பர். அவர்கள் கேட்டனர். பல மருத்துவமனைகள் தம் கணக்கைத் தந்தன. 1999–2005 காலத்தோடு 2006–2013 காலத்தை ஒப்பிட்டுப் பின்னர் ஓர் ஆய்வு வந்தது. கறுப்பின மக்கள் மிகுந்த பத்துப் பெருநகரங்களை அது பார்த்தது. சிகாகோவில் கறுப்பினப் பெண்களின் இறப்பு வீதம் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்திருந்தது. இடைவெளி மறைந்துவிடவில்லை, சுருங்கியது.

சட்டத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1990-இல் அமெரிக்கப் பேரவை, வருவாய் குறைந்த பெண்களுக்கு மார்பகச் சோதனையும் கருப்பைவாய்ச் சோதனையும் செய்யத் திட்டம் வகுத்தது. நன்று. ஆயின் சோதனையில் புற்று கண்டால் சிகிச்சைக்குப் பணம் தர அதில் இடமில்லை! நோய் இருக்கிறது என்று சொல்ல அரசு உண்டு; தீர்க்க இல்லை. பத்தாண்டுக் காலம் தொண்டு நிறுவனங்களும் நோயுற்ற பெண்களும் வாதாடிய பின், 2000-இல்தான் அப்பெண்களின் சிகிச்சைக்கும் வழி செய்யும் சட்டம் வந்தது. வழித்துணைப் பணிக்கு 2005-இல் ஒரு சட்டம் பிறந்தது. மூத்தோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர், அப்பணிக்கென்று ஊதியம் தரத் தொடங்கியது 2024-இல். ஹார்லெமில் தொடங்கி முப்பத்துநான்கு ஆண்டுகள்! அதுவரை அப்பணி பெரிதும் நன்கொடையாலும் மானியத்தாலுமே உயிர் வாழ்ந்தது. மானியம் நின்றால் துணைவரும் நிற்பர்.

தொண்டிலும் குருட்டுத்தன்மை உண்டு என்பதைக் காட்ட ஒரு செய்தி. ஆட்ரி லார்ட் என்னும் கறுப்பினக் கவிஞருக்கு 1978-இல் ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. மருத்துவமனையில் அவரைக் காணத் தொண்டர் ஒருவர் வந்தார், தாமும் அந்நோயைக் கடந்தவர், அன்போடு பேசினார், உள்ளாடையில் வைத்துக்கொள்ள ஆட்டு மயிரால் ஆன ஒரு திண்டைக் கொடுத்தார். அதன் நிறமோ வெளிறிய இளஞ்சிவப்பு. வெள்ளைத் தோலுக்கென்று செய்தது. கண்ணாடி முன் நின்று அவர் அதனைப் பார்த்துப் பட்ட பாட்டை, 1980-இல் வெளியிட்ட தம் புற்றுநோய்க் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். கொடுத்தவர் மனத்தில் தீமை இல்லை. எதிரில் இருப்பவரின் நிறத்தையே அவர் நினைத்துப் பாராமல், எல்லார்க்கும் தரும் ஒன்றை எடுத்துத் தந்தார். உறையிலிட்ட பணத்தை நீட்டிவிட்டுத் திரும்பிய நாங்கள், அவ்வம்மையாரைக் குறை சொல்லும் தகுதியுடையோர் அல்லோம்.

இக்குறையை உணர்ந்தே கறுப்பினப் பெண்கள் தமக்கெனத் தாமே நிறுவனங்கள் கண்டனர். 1994-இல் ஹூஸ்டன் நகரில், நோயிலிருந்து மீண்ட கேரன் யூபாங்க்ஸ் ஜாக்சன் என்னும் அம்மையார் 'சகோதரியர் வலையம்' எனும் பொருள்படும் அமைப்பைத் தொடங்கினார். அதன் உறுப்பினர் தெருத்தெருவாக நடந்து, கதவைத் தட்டி, படம் எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்பர். ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 1990-களின் தொடக்கத்தில், மீண்ட பெண்கள் தேவாலயங்களில் எழுந்து நின்று, தம் வாயால் சான்று பகரும் முறை ஒன்று தோன்றியது. புற்று என்றாலே சாவு என்று நம்பியிருந்த ஊரில், ஒருத்தி எழுந்து, "எனக்கு வந்தது; எட்டாண்டு ஆயிற்று; இதோ நிற்கிறேன்" என்று சொன்னால், அது நூறு துண்டறிக்கைக்கு ஈடாகும் அன்றோ?

இன்னும் ஓர் ஊரைச் சொல்லி இப்பகுதியை முடிக்கிறோம். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ. 1960 பிப்ரவரி முதல் நாள், கறுப்பின மாணவர் நால்வர் வெள்ளையர்க்கு மட்டும் உணவு தரும் கடையில் அமர்ந்து அறப்போர் தொடங்கிய ஊர். அவ்வூரில் பொதுமக்களும் மருத்துவரும் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று, அவ்வூர்ப் புற்றுநோய் மையத்தையும் பிட்ஸ்பர்க் நகர மையத்தையும் இணைத்து ஒரு சோதனை நடத்தியது. தொடக்க நிலையில் மார்பகப் புற்றோ நுரையீரல் புற்றோ கண்டவர்களை அது பின்தொடர்ந்தது. நோயாளி ஒரு நாள் வராவிடில், அல்லது செய்யவேண்டிய சிகிச்சை உரிய காலத்தில் நிகழாவிடில், கணிப்பொறி எச்சரிக்கும். அதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியர் உடனே அவரைத் தேடுவார். மருத்துவர்களுக்கோ, தம் நோயாளிகளில் எந்த இனத்தார் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தனர் என்ற கணக்கு அவ்வப்போது காட்டப்படும். முன்பு வெள்ளையரில் நூற்றுக்கு 87 பேரும் கறுப்பினத்தாரில் 80 பேரும் சிகிச்சையை முடித்தனர். இம்முறை வந்தபின் வெள்ளையரில் 89.5, கறுப்பினத்தாரில் 88.4. 2019-இல் இம்முடிவு வெளிவந்தது.

அம்மருத்துவர்கள் தாம் வேற்றுமை காட்டுவதாக எண்ணியவர் அல்லர். தம் கணக்கைத் தாமே பார்க்கும்வரை அவர்களுக்கு அது தெரியாது. வெள்ளையர் கணக்கும் உயர்ந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவரைத் தேடக் கட்டிய பாலத்தில் மற்றவரும் நடந்தனர்.

அமெரிக்க நிறவேற்றுமையும் நம் சகோதரியின் துன்பமும் ஒன்றே என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அடிமை வாழ்வும் அதன் பின்வந்த ஒதுக்கமும் தந்த புண் வேறு. மொழி தெரியாத ஊரில் கூலிக்கு வந்தவர் படும் இடர் வேறு. நம் நாட்டிற்கென்று சாதியால் வந்த ஒதுக்கம் தனியே உண்டு. நம் மருத்துவமனைகளில் எவர் எந்தப் படியில் நின்றுவிடுகிறார் என்று கிரீன்ஸ்பரோவைப் போல் கணக்குப் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். ஒற்றுமை ஒன்றே: நோய் கண்ட நாளுக்கும் சிகிச்சை முடியும் நாளுக்கும் இடையே கிடக்கும் அந்த வழி.

நம் நாட்டிலும் இதனை உணர்ந்தோர் உண்டு. மும்பையிலுள்ள டாட்டா நினைவு மையம் 2019-இல் வழித்துணைவரைப் பயிற்றும் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கேவட்'. இராமனைக் கங்கை கடத்திய ஓடக்காரனுக்கு வடநாட்டார் வழங்கும் பெயர் அது. நமக்கோ குகன் நினைவு வரும். இப்பெயரைப் படித்தபோது எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், "ஓடக்காரன் இல்லாமல் இராமனே கடக்கவில்லை, நம் பிள்ளை எப்படிக் கடப்பாள்?" என்றார். அதன் பின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

நாங்கள் செய்யக்கூடியது சிறிது. படித்த மருத்துவத் துணைவராக எங்களால் ஆக இயலாது. மருந்தைப் பற்றியோ சிகிச்சையைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லமாட்டோம். அது மருத்துவர் வேலை. ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். நம்மவர் எவருக்கேனும் மார்பில் கட்டி கண்டதாகத் தெரிந்தால், அவர் இசைவோடு, ஐந்து நாட்களை அதில் எழுதுவோம்: கண்ட நாள், திசு எடுத்த நாள், முடிவு வந்த நாள், சிகிச்சை தொடங்கிய நாள், அடுத்து வரச்சொன்ன நாள். கடைசி நாளுக்கு முதல் நாள் மாலை எங்களில் ஒருவர் அவர் வீட்டிற்குச் செல்வார். குறிப்பேடு பூட்டிய பெட்டியில் இருக்கும்; அதைப் பற்றிக் குழாயடியில் பேச்சு எழுந்தால், பேசியவர் குழுவில் இருக்கமாட்டார். இதில் கண்டிப்பாக இருப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். மார்பகத்து நோயைக் கணவரிடமே சொல்லக் கூசும் பெண்கள் நம்மிடையே உண்டு.

இப்போது வேண்டுவது பணமன்று. இந்தி நன்கு படிக்கத் தெரிந்தவர் நால்வர் வேண்டும். விடியற்காலை இரயிலில் உடன் சென்று இரவு திரும்பக்கூடியவர் அறுவர் வேண்டும். ஓய்வு பெற்ற ஆடவரும் வரலாம். சாளரத்தின் முன் வரிசையில் நிற்க அவர்களே ஏற்றவர்கள். ஒரு பகல் முழுதும் பிறர் குழந்தையை வைத்துக்கொள்ளும் வீடுகள் எத்தனை கிடைத்தாலும் நன்று. மறைந்த சகோதரியின் குழந்தை இப்போது தன் பாட்டியோடு ஊரில் இருக்கிறது. அதன் பள்ளிச் செலவுக்கு அவ்வுறையில் எஞ்சிய பணம் போய்க்கொண்டிருக்கிறது.

பெயர் கொடுக்க விரும்புவோர்க்காக, சிற்றுண்டி மேசையின் இடப்பக்கம் தாள் ஒன்று வைத்திருக்கிறோம். மூவர் பெயர் ஏற்கெனவே அதில் உள்ளது. நாடகக் குழுவினர் வேடம் தரித்து நெடுநேரமாகத் திரைக்குப் பின் காத்திருக்கின்றனர்.